சிப்பியில் கிடைத்த பால்

பால் என்ற சொல்லை நான் இப்போது ஆய்வகத்தில் உச்சரிப்பதில்லை. பதினொரு மணிக்கு யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மைக்ராஸ்கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். அதில் எதுவும் வைக்காமலேயே பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. வெட்கம் மனிதரை எவ்வளவு சுறுசுறுப்பாகக் காட்டும் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது.

கடலூர் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். வீட்டுக்காரர் படகு இன்ஜின் மெக்கானிக். என் தாய்மாமன் மகன்தான். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டுப் பழகியது, கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. நான் தினமும் ரயிலேறிச் சிதம்பரம் போய் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறேன். என்ன படிப்பு என்று தெருவில் கேட்டால் சிப்பி என்பேன். சிரிப்பார்கள். "நம்ம ஊட்டு வாசல்ல கெடக்குற சிப்பிய உட்டுட்டு, அரியலூரு கல்லுக் குழில போயி சிப்பி பொறுக்குது பாரு" என்று ஒரு அத்தை என் காதுபடவே சொல்வார். வலை பின்னுகிற வீட்டில் பிறந்த பெண் கல்லுக் குழிக்குள் இறங்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல். இன்றைக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிற குழிகளில் அந்தக் கடலின் சிப்பிகள் கிடைக்கும். பெரும்பாலானவை கல்லாகவே மாறியிருக்கும். உடைந்த துண்டாக இருந்தால் அது எந்தக் குடும்பத்து உயிர் என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. நாம் தின்கிற மட்டிக்குச் சொந்தமா, அல்லது சிப்பி போலவே ஓடு கட்டிக்கொண்டு வாழ்ந்த, மட்டிக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கூட்டமா என்று பெரிய ஆட்களே சண்டை போடுவார்கள். எங்கள் வழி வேறு. சிப்பியின் ஓடு வெறும் சுண்ணாம்பு இல்லை. செங்கல்லுக்கு நடுவில் காரை பூசியதுபோல, சுண்ணாம்பு அடுக்குகளுக்கு இடையில் அந்த உயிர் தன் உடம்பிலிருந்து சுரந்த புரதம் கொஞ்சம் இருக்கும். குடும்பத்துக்குக் குடும்பம் அந்தப் புரதம் மாறும். இத்தனை கோடி வருஷத்தில் அது முழுசாக எங்கே மிஞ்சப் போகிறது? ஆனால் ஓடு கல்லாகாமல் ஓடாகவே தப்பியிருந்தால், அதன் இடுக்கில் ஒரு துணுக்காவது ஒளிந்திருக்கலாம். அந்தத் துணுக்கை எடுத்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதுதான் என் வேலை.

அப்படித் தப்பிய ஓடு எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. என் வழிகாட்டி, அவரை நாங்கள் சார் என்று மட்டும்தான் சொல்வோம், தன் மாணவப் பருவத்தில் கண்டெடுத்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கத்தை அறுத்து, பளிங்குத் தரை மாதிரி தேய்த்து வைத்திருந்தார். நல்ல கருவி வரட்டும், நல்ல ஆள் வரட்டும் என்று இத்தனை வருஷமாக அதைப் பொடியாக்காமல் காத்திருந்தவர், நான்தான் அந்த நல்ல ஆள் என்று முடிவு செய்தார். பாவம்.

பொடிப்பதற்கு முன்னால் அளவெடுத்து, வரைந்து, விவரம் எழுதிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் நான் பிரசவ விடுப்பில் கடலூரில் இருந்தேன். சார் ஓட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொடுத்தனுப்பினார். "பத்திரம்மா. கையுறை இல்லாம தொட்டுடாதீங்க" என்று போனில் இரண்டு தடவை சொன்னார். நான் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன். என் வீட்டில் இன்னொரு ஜோடிக் கை இருப்பதை மறந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைக்கு வயிறு கல்லாக இறுகிப்போய் ஒரே அழுகை. எங்கள் பக்கம் இதற்கு உரைமருந்து கொடுப்பார்கள். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாவற்றையும் தாய்ப்பால் விட்டுக் கல்லில் உரசி, அந்தக் குழம்பை நாக்கில் தடவுவது. நான் பாலாடைக் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு, "மாமா, மருந்த ஒரசி வையி. தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வந்துடுறன்" என்று குளிக்கப் போனேன்.

ஈரத் தலையோடு வெளியே வந்தால், மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டி மல்லாந்து கிடக்கிறது. சாரின் ஓட்டில், அந்த வழவழப்பான பக்கத்தில், என் பாலை விட்டு வசம்பை உரசிக்கொண்டிருக்கிறார். இன்ஜின் வால்வு தேய்க்கிற அதே சிரத்தை முகத்தில்.

"ஒரசுற கல்ல அம்மா ஊட்லயே உட்டுட்டு வந்துட்டமே. இதுல என்னா நைசா வருது பாரேன்" என்றார் பெருமையாக.

"ஐயையோ, பாவி மனுசா! அது கல்லு இல்ல மாமா!"

"பின்ன?"

"சிப்பி!"

"சிப்பின்னா நல்லதுதான? சங்க ஒரசிக் குடுக்கறதில்லியா? அது போலத்தான்" என்றார். அந்த மனிதரிடம் நான் என்ன பேசுவது? நான் கத்துகிற கத்தலில் குழந்தை இன்னும் வீறிட்டது. அவர் அவசரமாக விரலில் தொட்டு அதன் நாக்கில் தடவினார். கொஞ்ச நேரத்தில் அது காற்றைப் பிரித்துவிட்டுத் தூங்கிப்போனது. கோடி வருஷத்துச் சிப்பியில் கொஞ்சம் என் மகள் வயிற்றுக்குள் போனதுதான் மிச்சம்.

காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஓட்டைக் கழுவினேன். மீண்டும் கழுவினேன். நிழலில் உலர்த்தினேன். ஓடு என்றால் வழவழவென்று தெரியுமே தவிர, கண்ணுக்குத் தெரியாத துளையும் கீறலும் அதில் ஆயிரம். வெதுவெதுப்பான பாலை அரைமணி நேரம் தேய்த்தால் எங்கே இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதைத்தானே படித்தேன். ஆனாலும் சாருக்குப் போன் செய்யவில்லை. என்னவென்று சொல்வது? உங்கள் ஓட்டில் என் பாலை விட்டு உரசிவிட்டோம் சார் என்றா? என் சொந்த அப்பாவிடமே அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. நினைக்கும்போதே காது சூடாகிவிட்டது. மேல் அடுக்கை எப்படியும் தேய்த்து எடுக்கப் போகிறோம், ப்ளீச்சில் ஊறவைக்கப் போகிறோம், எல்லாம் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விடுப்பு முடிந்து போனதும் அப்படியே செய்தேன். வழக்கத்தைவிட ஆழமாகவே தேய்த்து எடுத்தேன். சார் பார்த்துவிட்டு, "இவ்ளோ எடுக்கணுமா?" என்று கேட்டார். "சுத்தமா இருக்கட்டும் சார்" என்றேன். என் அக்கறையை மெச்சினார். ஓடு பொடியானது, பொடி அமிலத்தில் கரைந்தது. கடைசியில் மிஞ்சிய ஒரு சொட்டை, புரதங்களைப் பிரித்துப் படிக்கிற கருவி இருக்கிற வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

இங்கே எங்கள் ஆய்வகத்து அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வருகிறவர். ஆய்வகத்தைக் கூட்டித் துடைப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, எங்களுக்கு டீ வாங்கி வருவது அவர் வேலை. ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு வருஷமும் சார் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவருக்கு இது ஒன்றுதான் பிடி. ஆய்வகத்துக்குள் எதையும் தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது என்று சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கும். அதற்குக் கீழேயே பிளாஸ்க்கை வைத்து எல்லோரும் குடிப்போம், சார் உட்பட.

நான் விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து அக்காவுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. மதியம் எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வர வேண்டும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் கேட்காமலேயே அக்கா துடைப்பத்தோடு வெளியே வந்து நின்றுகொள்வார். யாராவது வந்தால், "உள்ள தண்ணி ஊத்திக் கழுவி உட்டிருக்கன், அப்புறம் வாங்க" என்று விரட்டிவிடுவார்.

அந்த வெளியூர் ஆய்வகத்திலிருந்து ஒரு வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. சார், நான், அக்கா மூன்று பேரும்தான் இருந்தோம். எனக்கும் கேட்கட்டும் என்று சார் சந்தோஷமாக ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஓட்டோட புரதம்னு சொல்ற மாதிரி ஒன்னும் தெளிவா வரல" என்றார் அந்தப் பக்கத்து ஆள். "ஆனா வேற ஒன்னு வருது. பால் புரதம். ஜாஸ்தியாவே வருது."

"பாலா?"

"ஆமா சார். எங்கியோ கலந்திருக்கு. எந்த மிருகத்தோடதுன்னு ஒப்பிட்டுப் பாத்துட்டு மத்தியானம் கூப்பிடுறன்."

போனை வைத்துவிட்டு சார் சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் கண் பிளாஸ்க்கில் போய் நின்றது. அங்கிருந்து மெதுவாக அக்காவிடம் வந்தது.

"எத்தன தடவ சொல்லிருக்கன், உள்ள டீ கொண்டாராதன்னு?"

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அக்கா அதைச் சொல்லவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த மேசையிலதான் சார் ஊத்துவன். சிந்தியிருக்கும் போல சார்" என்றார்.

"சிந்தியிருக்கும் போலவா? என் சின்ன வயசுல எடுத்த ஓடு அது. இனிமே எங்க போயி எடுப்பன்? பொடியாக்கிட்டமே!" சாரின் குரல் உடைந்தது. அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. "மாட்டுப் பாலுன்னு வரட்டும். அடுத்த வருஷம் ஒனக்குக் கையெழுத்துப் போடமாட்டன், இப்பவே சொல்லிட்டன்."

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பால் என்ற சொல் ஸ்பீக்கரில் விழுந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது கண் முன்னால் வந்தது. இல்லை சார், அது டீ இல்லை என்று நாலு சொல் சொன்னால் போதும். படிப்பு போய்விடும் என்ற பயமும் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரிதாக, அந்தச் சொல்லைச் சொன்னால் சார் என் முகத்தைப் பார்ப்பாரே, பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்புவாரே என்கிற கூச்சம். ஒரு கூச்சத்துக்காக ஒரு பெண்பிள்ளையின் சோற்றில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு இரண்டும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

சார் தன் அறைக்குப் போனதும் அக்கா என்னிடம் வந்தார். கழுவித் துடைக்காத ஈரக் கையாலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, ஒன் படிப்பக் கெடுத்துட்டனே. கைப்புள்ளய உட்டுட்டு ரயிலேறி வந்து ஒழைச்சியே. என்ன மன்னிச்சிடும்மா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லக்கா" என்றேன். ஆமாம், மன்னித்தேன். பெரிய மனசோடு மன்னித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மதியம் வழக்கம்போல நெஞ்சு கனத்தது. ஜாக்கெட் நனைய ஆரம்பித்தது. ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்றார், அன்றைக்கும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் உள்ளே கேட்டது. நான் தொட்டியில் பாலைப் பீய்ச்சிக்கொண்டே வேண்டிக்கொண்டேன். அது என்ன வேண்டுதல் தெரியுமா? ஆராய்ச்சியில் சேர்ந்த நாளிலிருந்து, புரதம் அழியாமல் இருக்கட்டும், அழியாமல் இருக்கட்டும் என்று தவம் கிடந்தவள் நான். அன்று மட்டும், கடவுளே, அது அழிந்து போயிருக்கட்டும் என்று கேட்டேன். ப்ளீச்சும் அமிலமும் அதைச் சிதைத்திருக்கட்டும், மாடோ மனுஷியோ சொல்ல முடியவில்லை என்று அந்த ஆள் கையை விரிக்கட்டும். யாருடையது என்று தெரியாமலே போகட்டும். அப்படி ஆகியிருந்தால் அக்காவுக்கு வேலை போயிருக்கும். வெளியே நின்று காவல் காத்தவருக்கு எதிராகத்தான் உள்ளே நின்று வேண்டியிருக்கிறேன். அது அப்போது உறைக்கக்கூட இல்லை.

மூன்று மணிக்குப் போன் வந்தது. சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தண்டனையை அக்கா நேரில் கேட்க வேண்டும் என்று நினைத்தார்போல. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மாடு இல்ல" என்றது குரல்.

"எருமையா? ஆடா?"

"ரெண்டும் இல்ல. மனுஷப் பால் சார். சந்தேகமே இல்ல, துண்டு துண்டா இருந்தாலும் வரிசை அப்படியே பொருந்துது. முறை நல்லாத்தான் வேலை செய்யுது, அதுல மட்டும் நீங்க சந்தோஷப்பட்டுக்கலாம்." அந்த ஆள் சிரித்தார்.

ஒரு உயிரை எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்கப் போய், முறை என்னைக் கண்டுபிடித்துவிட்டது. சார் போனை வைத்தார். வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது. நான் குழந்தை, வயிற்றுவலி, வசம்பு, மாமா என்று உளறிக்கொட்டினேன். எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தேன் என்று தெரியாது. அவர் நடுவிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சரி... சரிம்மா. நீங்க இன்னிக்கி வீட்டுக்குப் போயிடுங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவரே வேகமாக வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு பேசினார்தான், குழிகளில் வேறு ஓடு தேடி எடுத்து மறுபடி தொடங்கச் சொன்னார். ஆனால் அந்த ஓட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்காவின் ஒப்பந்தத்திலும் அந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சார் போன பிறகு அறையில் நானும் அக்காவும் மட்டும். அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அழுகை நின்றிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையிலியே தெரியுமா ஒனக்கு?"

"தெரியுங்க்கா."

"போனுல பாலுன்னு சொன்னப்பவே?"

"அப்பவேதாங்க்கா."

"அப்ப நான் ஒங்கையப் புடிச்சிகினு அழுதனே. அப்பவும் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரவால்லன்னு சொன்னியே. என்னா பரவால்ல? எதுக்குச் சொன்ன?"

"என்ன மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். காலில் விழப்போனேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"அது நீ கேக்குறது. அது வேற. அத நான் அப்புறம் பாத்துக்குறன்." அக்காவின் குரலில் சத்தமே இல்லை. கணக்குத் தப்பாகச் சில்லறை கொடுத்த கடைக்காரனிடம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னார். "நான் ஒங்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டன் பாரு, அத மொதல்ல திருப்பிக் குடு."

எனக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, மினி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.